தீப்பெட்டிக்கு ஒரு நியாயம், மென்பொருளுக்கு ஒரு நியாயமா?

"போட்டின்னு ஒருத்தன் வந்துட்டா பெரிய கம்பெனி தன்னால வழிக்கு வந்துரும்." சிவகாசி அச்சக வீதிகளிலும், வெம்பக்கோட்டை, அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளின் கணக்கு அறைகளிலும் மென்பொருள் விலையைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் வந்து நிற்கும். பொருளாதாரப் பத்தி எழுதுகிறவர்கள் இதையே விரித்து எழுதுகிறார்கள். மென்பொருள் உலகில் எந்த ஆதிக்கமும் நிலையில்லை என்கிறார்கள். நோக்கியா போனது, ஆர்குட் போனது, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போனது. லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று எல்லாவற்றுக்கும் காசில்லாத மாற்று இருக்கிறது. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஆகவே அரசு ஒதுங்கி நிற்கட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கருத்து தவறு. மற்ற ஊர்க்காரர்கள் சொன்னால் அறியாமை என்று விட்டுவிடலாம். சிவகாசி வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது. ஒரு பெரிய நிறுவனத்தைச் சிறியவர்கள் எப்படித் தள்ளி நிறுத்தினார்கள் என்பதற்கு இந்தியாவிலேயே தெளிவான சான்று நம் மண்ணில்தான் இருக்கிறது. அந்தச் சான்று சந்தையின் பக்கம் பேசவில்லை.

நாம் பெருமையாகச் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். மழையில்லாத பூமி. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-ல் திரும்பி வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். அதே 1923-ல்தான் ஸ்வீடனின் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் விம்கோவை நிறுவியது. வடசென்னையின் விம்கோ நகர் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. ஐவர் க்ரூகர் என்ற ஸ்வீடன்காரரின் அந்தக் குழுமம், உலகத் தீக்குச்சி உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்டதைக் கையில் வைத்திருந்தது. பல நாட்டு அரசுகளுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி விற்கும் தனியுரிமையை எழுதி வாங்கிக்கொண்ட நிறுவனம் அது. அதை எதிர்த்துச் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிக்காரர்கள் கையால் குச்சி அடுக்கி, கையால் மருந்து தோய்த்து நின்று காட்டினார்கள். "ஸ்வீடன்காரனையே ஜெயிச்ச ஊரு" என்று சொல்லும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்யும்.

இந்தக் கதையில் விட்டுப்போன பக்கம் ஒன்று உண்டு. 1922-ல் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. அது வருமானத்துக்காகப் போட்ட வரிதான். ஆனாலும் கல்கத்தாவிலும் சிவகாசியிலும் உள்நாட்டுத் தொழில் முளைவிட அந்தச் சுவர்தான் நிழல் கொடுத்தது. விம்கோ இங்கே ஆலை கட்டியதும் அந்தச் சுவரைத் தாண்டத்தான். 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. விடுதலைக்குப் பின் அந்த வரியை உற்பத்தி அளவைப் பார்த்து வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். இயந்திரத்தில் ஓடும் பெரிய ஆலைக்கு அதிக வரி, கைத்தொழிலாக நடக்கும் சிறிய ஆலைக்குக் குறைந்த வரி, குடிசைத் தொழிலுக்கு இன்னும் குறைவு. இந்த வரி வித்தியாசம் இல்லாமல் இயந்திரத்தின் விலையோடு கை மோதி நின்றிருக்க முடியாது. நம் பாட்டன்மாரின் உழைப்பையும் சாமர்த்தியத்தையும் ஒரு துளியும் குறைக்காமல் இதைச் சொல்கிறேன். உழைப்பு இருந்தது. அந்த உழைப்பு உள்ளே நுழைய ஒரு கதவைச் சட்டம் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்துதான் விம்கோவைத் தளர வைத்தன.

சட்டம் பாராமல் விட்ட இடத்தில் போட்டி என்ன செய்தது என்பதையும் மறைக்கக் கூடாது. விலையைக் குறைக்கும் ஓட்டத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் குச்சி அடுக்க உட்கார வைத்தோம். 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலையில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதே சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்துத்தான். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடி விபத்தில் இருபது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். ஒரு உரிமத்தை வைத்துப் பல பேர் உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டும் வழக்கமும், அறைக்குள் அளவுக்கு மீறி ஆட்களையும் மருந்தையும் அடைப்பதும் எந்த ஓட்டத்தில் வருகின்றன என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விதி இல்லாத போட்டியை நல்லதென்று சொல்ல நம்மால் முடியாது.

பழைய கதையை விடுங்கள், நேற்று நடந்ததைப் பார்ப்போம். சீனப் பட்டாசு திருட்டுத்தனமாக வந்து இறங்கியபோது, "வரட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று இங்கே யாரும் சொல்லவில்லை. டெல்லி வரை போய் முறையிட்டோம். வெளிநாட்டுப் பட்டாசு இறக்குமதிக்கு உரிமம் எதுவும் கொடுக்கவில்லை, வைத்திருப்பதும் விற்பதும் குற்றம் என்று 2014-ல் மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவிக்க வேண்டியிருந்தது. தூக்கி எறியும் பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டியை விழுங்கப் பார்த்தபோதும் அப்படியே. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள், முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. நாம் கேட்டது நியாயம். பிழைப்புக்கு ஆபத்து வந்தால் விதி வேண்டும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். மென்பொருள் என்று வரும்போது மட்டும் அந்த அறிவு எங்கே போகிறது?

தீப்பெட்டியைவிட மென்பொருளுக்குத்தான் விதி அதிகம் தேவை. இன்று ஒரு பிராண்டு தீப்பெட்டி வாங்கினேன், நாளைக்கு வேறொன்று வாங்கினால் அடுப்பு எரியாமல் போகாது. மென்பொருளில் அப்படியில்லை. நான் செய்த வேலை அந்த மென்பொருளின் கோப்புக்குள் கிடக்கிறது. சாவி அவர்களிடம் இருக்கிறது.

சிவகாசியில் நான் சொல்வது புரியாதவர் இருக்க முடியாது, பேஜ்மேக்கர் என்ற பெயரைச் சொன்னால் போதும். ஆல்டஸ் என்ற நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் அது. 1994-ல் அடோபி ஆல்டஸை வாங்கியது. 2001-ல் வந்த ஏழாவது பதிப்பே அதன் கடைசிப் பதிப்பு. உலகத்தின் மற்ற இடங்களில் அது பழைய இரும்பு. நம் டி.டி.பி. கடைகளிலோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன்? ஆபரேட்டர்களின் சோம்பல் என்று சொல்லுகிறவர்கள் தமிழ் எழுத்துருக்களின் கதையை அறியாதவர்கள். 1990-களில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தனக்கு வசதியான இடத்தில் உட்கார வைத்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ம' இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி உலகப் பொதுக் குறியீடான யூனிகோடையும் தமிழுக்கான டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்து ஆணை போட்டது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த அடோபியின் இன்டிசைன் தமிழைக் கொம்பும் காலும் பிசகாமல் கோக்கத் தொடங்கியதே 2012 வாக்கில்தான்.

ஆக, இருபது வருடப் பஞ்சாங்கம், நாள்காட்டி, கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள் எல்லாம் பழைய எழுத்துருவில் பேஜ்மேக்கர் கோப்பாகக் கிடக்கிற ஒரு அச்சகத்தை நினைத்துப் பாருங்கள். காசே இல்லாத மாற்று மேசைக்கு வந்தாலும் அந்த அச்சகத்தால் தாவ முடியாது. காசில்லாத பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபசின் விலை சுழியம்தான். தாவும் செலவு சுழியமில்லை. பழைய கோப்பைத் திறந்து, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி, மறுபடி பக்கம் கட்டுகிற செலவு அது. சந்தை வாதம் பேசுகிறவர்கள் பார்ப்பது விலைச்சீட்டை மட்டுமே. ஆதிக்க நிறுவனம் நம்மைக் கட்டிப்போடுவது விலையால் அல்ல, நாமே செய்த நம் பழைய வேலையால்.

கட்டற்ற மென்பொருள் என்பதன் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. காசு மிச்சம் என்பது அதில் சின்னப் பகுதி. மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கோப்பு எப்படி எழுதப்படுகிறது என்பது எல்லோருக்கும் திறந்த விஷயம். செய்தவர் கடையை மூடிவிட்டுப் போனாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம். சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது ஓப்பன் ஆபிஸ் என்ன ஆகுமோ என்று பயந்தவர்கள் 2010 செப்டம்பரில் அதே நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரே ஆபிஸ் என்று தொடர்ந்தார்கள். பேஜ்மேக்கர் கைவிடப்பட்டபோது சிவகாசியால் அப்படி ஒன்று செய்ய முடிந்ததா? அந்த உரிமை நமக்கு இல்லை.

"போட்டியாளர் வருவார்" என்கிறீர்கள். வருகிறவரைப் பெரியவர் விலைக்கு வாங்கிவிட்டால்? வடிவமைப்பாளர்களில் மூத்தவர்களுக்கு ஃப்ரீஹேண்ட் நினைவிருக்கும். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர் எதிராக நின்ற மென்பொருள். 1994-ல் அடோபி ஆல்டஸை வாங்கியபோது ஃப்ரீஹேண்டும் சேர்ந்து அதன் கைக்குப் போகப் பார்த்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் குறுக்கே நின்று, அதை உண்டாக்கிய ஆல்ட்சிஸ் நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுக்க வைத்தது. அடுத்த பத்து ஆண்டுகள் போட்டி உயிரோடு இருந்தது. ஃப்ரீஹேண்ட் பிறகு மேக்ரோமீடியாவுக்குப் போனது. 2005-ல் அந்த மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. இந்த முறை ஃப்ரீஹேண்டைப் பிரித்து வைக்க யாரும் வரவில்லை. 2007-ல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டதாக அடோபி அறிவித்தது. ஒரே மென்பொருள்தான். சட்டம் குறுக்கே நின்றபோது பிழைத்தது, நிற்காதபோது செத்தது. சந்தை இரண்டு முறையும் அதே சந்தைதான். ஆறாண்டுகள் கழித்து, 2013-ல், இனி முழுவிலைக்கு விற்பதில்லை, மாதச் சந்தா மட்டும்தான் என்று அடோபி சொன்னபோது, முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கட்டினார்கள். 2022-ல் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள் நிறுவனத்தை 2,000 கோடி டாலருக்கு வாங்க அது ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பிய, பிரிட்டன் ஆணையங்கள் ஒப்பவில்லை. 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஃபிக்மா இன்றும் தனித்து நிற்பதற்கு நன்றி சொல்ல வேண்டியது யாருக்கு?

அடுத்து, எல்லோரும் எடுத்துக்காட்டும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர். 2000-களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதில்தான் இணையம் பார்த்தார்கள். ஆறாம் பதிப்பு 2001-ல் வந்தது. ஏழாம் பதிப்பு 2006-ல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் மைக்ரோசாப்ட் ஒரு புதிய பதிப்புகூடத் தரவில்லை. பிறகு என்ன நடந்தது? நெட்ஸ்கேப் தோற்றுப்போகும் நேரத்தில் 1998-ல் தன் நிரலைத் திறந்து விட்டது. அதிலிருந்து பலரின் உழைப்பில் 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்தது. கட்டற்ற மாற்றுதான் முதல் அடியை அடித்தது, சந்தேகமில்லை. ஆனால் அதே 1998 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. ஆதிக்கத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. புதிதாக வருகிறவனின் கழுத்தை முன்புபோல் நெரிக்க முடியாத நிலையை அந்த வழக்குத்தான் உண்டாக்கியது.

இதைவிடத் தெளிவான சான்று சாம்பா. விண்டோஸ் கணினிகளும் லினக்ஸ் கணினிகளும் ஒரே வலையில் கோப்பும் பிரிண்டரும் பகிர்ந்துகொள்ள உதவும் கட்டற்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. மைக்ரோசாப்ட் தன் கணினிகள் பேசும் முறையை வெளியே சொல்லவில்லை. சாம்பாக்காரர்கள் பல ஆண்டுகள் கம்பியில் போகும் தரவை உற்றுப் பார்த்தே அதைக் கண்டுபிடித்தார்கள். திறமைக்கு அவர்களிடம் குறைவே இல்லை. ஆனாலும் கதவு முழுதாகத் திறந்தது 2004-ல் ஐரோப்பிய ஆணையம் போட்ட உத்தரவாலும், 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதி செய்ததாலும்தான். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரே தவணையாக 10,000 யூரோ கட்டி சாம்பா தரப்பு அந்த ஆவணங்களைப் பெற்றது. இலவச மாற்று, திறமை, உழைப்பு எல்லாம் இருந்தும் நீதிமன்றம் வேண்டியிருந்தது.

அந்த மாற்றுகளின் பிற்கதையையும் சந்தை வாதிகள் சொல்வதில்லை. எக்ஸ்புளோரரின் இடத்துக்கு இன்று யார் வந்திருக்கிறார்கள்? குரோம். அதன் வேரைத் தோண்டினால் கே.டி.இ. என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் தன்னார்வலர்கள் எழுதிய கே.எச்.டி.எம்.எல். என்ற கட்டற்ற நிரலில் போய் முட்டும். அதை ஆப்பிள் எடுத்து வெப்கிட் ஆக்கியது, வெப்கிட்டிலிருந்து கூகுள் தன் பிளிங்கை உண்டாக்கியது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ். கட்டற்ற உழைப்பு ஒரு ஆதிக்கத்தை உடைத்து அடுத்த ஆதிக்கத்துக்கு அடித்தளம் ஆனது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஆதிக்கம் வைத்திருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். முன்னிருப்புத் தேடலாக இருப்பதற்காக மட்டும் 2021-ல் கூகுள் 2,600 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது அந்த வழக்கில் வெளிவந்தது. "வேண்டியவர் வேறு எடுத்துக்கொள்ளலாம்" என்பது உண்மையானால், இவ்வளவு பணத்தை எதற்குக் கொட்டுகிறார்கள்?

நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "நாம எங்க காசு குடுத்து வாங்குறோம்? கிராக் போட்டு ஓட்டுறோம். அவன் ஆதிக்கம் நம்மள என்ன செய்யும்?" இந்தக் கட்டுரையில் நான் கோபத்தோடு மறுப்பது இதைத்தான். திருட்டு நகல் பெரிய நிறுவனத்துக்கு எதிரி அல்ல. கட்டற்ற மாற்றுக்குத்தான் எதிரி. சுழிய ரூபாய் போட்டோஷாப்பும் சுழிய ரூபாய் ஜிம்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஜிம்ப்பை யார் தொடுவார்? விலையில் இருந்த ஒரே சாதகமும் அதற்குப் போய்விடுகிறது. பழகும் ஆள் குறைகிறார், சொல்லித்தருகிறவர் குறைகிறார், தமிழில் எது பிசகுகிறது என்று பிழை எழுதி அனுப்புகிறவரும் இல்லாமல் போகிறார். பெரிய நிறுவனத்துக்கு இதில் நட்டம் எதுவும் இல்லை. நாளைக்கு அந்தக் கடை வளர்ந்து, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு லேபிள் அச்சடிக்கும் இடத்துக்கு வந்து, உரிமம் இருக்கிறதா என்ற கேள்வியும் வரும்போது, பழகிய கை அந்த மென்பொருளைத்தான் வாங்கும். பில் கேட்ஸ் 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது சீனாவைப் பற்றி இதை ஒளிக்காமல் சொன்னார்: எப்படியும் திருடப்போகிறார்கள் என்றால் நம்முடையதையே திருடட்டும், பழகிய பின் எப்படி வசூலிப்பது என்று பிறகு பார்த்துக்கொள்வோம் என்பதே அவர் பேச்சின் சாரம். கிராக் போடுகிறவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைக்கிறார். அவருக்கான பில் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நீதிமன்றம் போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனம், கூகுள் தேடலில் பாரபட்சம் நடக்கிறது என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் 2012-ல் புகார் கொடுத்தது. 135.86 கோடி ரூபாய் அபராதம் என்று தீர்ப்பு வந்தது 2018 பிப்ரவரியில். ஆறு ஆண்டுகள்! இணைய வணிகத்தில் ஆறு ஆண்டு என்றால் ஒரு தலைமுறை. அதே கூகுள் 2024 மார்ச் முதல் தேதி, கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்தியச் செயலிகளைத் தன் கடையிலிருந்து தூக்கி வீசியது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வைத்தது. சட்டம் மெதுவாக நடக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆண்ட்ராய்டு வழக்கில் அதே போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் போட்ட 1,337.76 கோடி ரூபாய் அபராதமும் அதோடு வந்த உத்தரவுகளும், உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்ததும் இல்லாமல், இந்தியாவில் முன்னிருப்புத் தேடலைப் பயனரே தேர்வு செய்யலாம் என்று கூகுள் 2023 ஜனவரியில் இறங்கி வந்திருக்காது. சட்டம் மெதுவானால் வேகப்படுத்தக் கேட்க வேண்டும். சட்டமே வேண்டாம் என்பது அதற்கு மருந்து ஆகாது.

வழக்கைவிடப் பெரிய கருவி அரசின் கையில் இருக்கிறது. நாட்டில் அதிகம் மென்பொருள் வாங்குவதும், அதிகம் பேருக்குச் சொல்லித்தருவதும் அரசுதான். தமிழ்நாட்டில் இது எப்படி நடந்தது? 2000-களின் நடுவில் ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தை நடத்தியபோது அது சூசே லினக்சுக்கு மாறியது, மற்ற அரசு அலுவலகங்களையும் மாறச் சொன்னது. இந்தியாவே திரும்பிப் பார்த்தது. அவர் போன பின் அந்த வேகம் போனது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் விண்டோசும் சேர்ந்தே வந்தன. பிள்ளைகள் எதைத் திறந்தார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. பாஸ் லினக்சைச் சொல்லித்தர ஆசிரியர் இல்லையென்றால் அது திரையில் ஒரு தேர்வாக மட்டும் கிடக்கும்.

பாடப்புத்தகத்துக்கு வாருங்கள். 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உபுண்டுவும் ஓப்பன் ஆபிசும் இருந்தன. நல்ல வேலை. 2019-ல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் அடோபி பேஜ்மேக்கர் பாடமாக வந்தது! கடைசிப் பதிப்பு வெளிவந்து பதினெட்டு ஆண்டுகள் ஆன, யூனிகோடு தமிழ் தெரியாத மென்பொருள். தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமாக அறிவித்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டின் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் கணினிக் கணக்கு என்றால் டேலி என்று ஒரு பாடம். டேலி நல்ல மென்பொருள்தான், பெங்களூருக்காரர்கள் உழைத்துச் செய்தது. ஆனால் ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளைப் பொதுப்பணத்தில் அச்சடித்த புத்தகம் பல லட்சம் பிள்ளைகளுக்குப் பழக்கினால், அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் கணக்கெழுத வருகிற பெண்ணுக்கு வேறு எது தெரியும்? மும்பையில் செய்த ஜி.என்.யு. காதா, ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்றவற்றின் பெயரைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார். முதலாளி டேலி தெரிந்த ஆளைக் கேட்கிறார், ஆள் டேலி படிக்கிறார், ஆள் கிடைப்பதால் முதலாளி டேலி வாங்குகிறார். இந்தச் சுற்றைச் சந்தை மட்டும் உண்டாக்கவில்லை. பாடநூல் கழகமும் சேர்ந்து உண்டாக்கியது. அரசு கை வைத்து உண்டானதை அரசு கை வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

முடியாதா? செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு முழுவதும் மாற்றிவிட்டது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அதுதான் வேறுபாடு. இந்திய அரசும் 2008-ல் மைக்ரோசாப்டின் ஆவண வடிவத்தை உலகத் தரமாக்கும் வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்தது, 2010-ல் மின்னாளுகைக்குத் திறந்த தரக் கொள்கையும், 2015-ல் திறந்த மூல மென்பொருள் கொள்கையும் வெளியிட்டது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கின்றன.

இப்போது எல்லோர் வாயிலும் ஜோஹோ. நம் பக்கத்துத் தென்காசி மத்தளம்பாறையிலிருந்து அமெரிக்க நிறுவனங்களோடு மல்லுக்கு நிற்கிறார்கள், பெருமைதான். 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காட்டி மைக்ரோசாப்ட் நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்தின் சேவையைத் திடீரென்று நிறுத்தி, அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடிய பிறகு, உள்நாட்டு மென்பொருள் ஏன் வேண்டும் என்று எல்லோருக்கும் உறைத்தது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோவுக்கு மாறியது. "பார்த்தீர்களா, போட்டி ஜெயித்தது" என்கிறார்கள். இல்லை. அந்த 12 லட்சம் அஞ்சல் பெட்டிகளை நகர்த்தியது அரசின் முடிவு. என் வாதத்துக்குத்தான் அது சான்று. அதோடு, ஜோஹோ கட்டற்ற மென்பொருள் அல்ல. ஒரு உரிமையாளரிடமிருந்து இன்னொரு உரிமையாளரிடம் போகிறோம். அவர் நம்மவர் என்பது நல்ல செய்தி. பத்து வருடம் கழித்து நிர்வாகமோ விலையோ மாறினால் நம் கோப்பு முழுதாகத் திறந்த வடிவத்தில் கைக்கு வருமா என்ற கேள்வி அவரிடமும் கேட்கப்பட வேண்டும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நாலு கலர் வேலைக்கு ஜிம்ப் இன்னும் போட்டோஷாப்புக்கு ஈடில்லை. 2025-ல் மூன்றாம் பதிப்பு வந்த பிறகும் அச்சு மைகளுக்கான வண்ணப் பிரிப்பில் அது பின்தங்கியே நிற்கிறது. பட்டாசு லேபிளில் சிவப்பு ஒரு சாயல் மாறினால் லாட்டையே திருப்பி அனுப்பும் தொழிலில், நாளைக் காலையே மாறுங்கள் என்று எந்த அச்சகத்துக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குறை இயற்கை கொடுத்ததல்ல. உலகின் பெரிய அச்சு ஊர்களில் ஒன்று தன் சந்தாப் பணத்தில் சிறு பங்கையும் தன் வடிவமைப்பாளர்களின் அனுபவத்தையும் அந்தப் பக்கம் திருப்பினால் குறையும். பக்கம் கட்டும் வேலையில் ஸ்கிரைபசும், லேபிளுக்கு இங்க்ஸ்கேப்பும் யூனிகோடு தமிழை ஏற்கெனவே ஒழுங்காகக் கையாள்கின்றன.

"ஆபரேட்டர்கள் பழக மாட்டார்கள்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஈய எழுத்தைக் கையால் கோத்த ஊர் கணினிக்கு மாறியது. ஃபிலிம் எடுத்த ஊர் சி.டி.பி. பிளேட்டுக்கு மாறியது. மாறத் தெரியாத ஊர் இது இல்லை.

லைட்டருக்கு எதிராக மனு எழுதிய கைகள் இன்னொரு மனுவும் எழுதலாம். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் பேஜ்மேக்கரை எடுத்துவிட்டு யூனிகோடில் இயங்கும் கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கணக்குப்பதிவியலில் டேலியோடு கட்டற்ற கணக்கு மென்பொருள் ஒன்றையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். அச்சகங்களுக்குத் தரும் அரசு வேலை எல்லாவற்றையும் யூனிகோடில் மட்டுமே அரசு கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். பழைய எழுத்துருக் குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக எந்தக் கட்டணமும் இல்லாமல், நிரலோடு வெளியிட வேண்டும். எந்த நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கினாலும், கோப்புகளை முழுதும் திறந்த வடிவத்தில் வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பது ஒப்பந்தப்புள்ளியின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். இதில் ஒரு வரிகூட எந்த நிறுவனத்தையும் தடை செய்யச் சொல்லவில்லை. லைட்டருக்கு நாம் கேட்டதைவிட மிகக் குறைவாகத்தான் கேட்கிறோம்.